மலை எந்தப் பக்கம் இருந்தது

போடி ஜீப் ஸ்டாண்டில் போய், பாண்டித்துரை எங்கே என்று கேட்டால் பத்துப் பேர் முழிப்பார்கள். முட்டுக்கெடா எங்கே என்று கேளுங்கள், டீ ஆற்றிக்கொண்டிருப்பவர்கூட நிறுத்திவிட்டுக் கையைக் காட்டுவார். ஆளைப் பார்த்தால் இவனா அவன் என்று சிரிப்பு வரும். ஐம்பத்திரண்டு கிலோ. மழையில் சட்டை நனைந்தால் மேலே ஒரு கிலோ. இருபத்திரண்டு வருடமாக ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி இறங்குகிறவன். கையும் காலும் குச்சி. ஆனால் அந்த ஸ்டாண்டில் அவனிடம் அடி வாங்காத டிரைவர் குறைவு.

பட்டப்பெயர் வந்த கதை இது. ஓட்ட வந்த புதிதில், பத்தொன்பது வயதில், மகாராஜன் என்ற டிரைவரோடு யார் வண்டி முதலில் கிளம்புவது என்று தகராறு. மகாராஜன் தொண்ணூற்றைந்து கிலோ. நின்ற இடத்தில் நின்றபடியே ஒரு குத்து விட்டார். பாண்டித்துரைக்கு மூக்கு எலும்பு நொறுங்கி வாயெல்லாம் ரத்தம். இவனும் பதிலுக்கு நாலு குத்துக் குத்தினான். சுவரில் ஈரத்துணியை வீசினதுபோல் ஆனது. ஸ்டாண்டே சிரித்தது.

அன்று ராத்திரி முழுக்க அவனுக்குத் தூக்கம் இல்லை. வலியில் இல்லை, யோசனையில். மறுநாள் மகாராஜன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பதினைந்து அடி தள்ளிப் போய், தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்து நெஞ்சில் முட்டினான். தொண்ணூற்றைந்து கிலோவும் மல்லாக்க விழுந்தது. விலா எலும்பு ரெண்டு போயிற்று. பாண்டித்துரைக்கும் கழுத்து பிசகி ஒரு வாரம் ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டு திரிந்தான். யாரோ கேட்டதற்கு, "கெடாச் சண்டை பாத்ததில்லையா? கெடா முட்டுறதுக்கு முன்னாடி ஏன் பின்னாடி போகுது? நமக்குக் கனம் கம்மி. கம்மியா இருக்கிறவன் ஓடி வந்துதான் அடிக்கணும்" என்று சொன்னான். அதிலிருந்து முட்டுக்கெடா.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆம்பளைகள் தெருவில் அடித்துக்கொண்டால் ஊர் பட்டம் கட்டிச் சிரிக்கும். அதே தலையும் தோளும் கையும் சாயங்காலம் வீட்டுக்குள்ளும் போகிறதே, அதை யார் பார்த்தது? சூர்யகலா பார்த்தாள். அவள் அவனுடைய பெண்டாட்டி, குரங்கணி மலைக்கிராமத்துக்காரி. அவளும் ஏலக்காய் எடுக்கப் போகிறவள்தான். குழம்பில் உப்பு என்று அடி. அண்ணனோடு போனில் பேசினாள் என்று அடி. மகாராஜன் வண்டியில் ஏறிப் போனாள் என்று, ஒரு நாள் வாசலிலிருந்து ஓடி வந்து தோளால் இடித்தான். அவள் எகிறிப் போய் ஆட்டுக்கல்லில் விழுந்தாள். முன்பல் ரெண்டு உடைந்தது. உதடு கிழிந்தது. மகள் அருணா, அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தவள், பல்லைப் பொறுக்கித் தாளில் மடித்து வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சூர்யகலா மகளைக் கூட்டிக்கொண்டு குரங்கணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழு மாதம். பாண்டித்துரை போய்ப் போய் நின்றான், அழுதான், காலில் விழுந்தான். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்றார் அவள் அண்ணன் சின்ராசு. கடைசியில் கோயிலில் சூடம் ஏற்றி அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். சூர்யகலா எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"இனி உன்னால எம் மேல ஒரு அடி விழுந்தா, பிள்ளையக் கூட்டிட்டு மலையேறிருவேன். திரும்பி வர மாட்டேன்யா. வந்து நிக்காத."

அதற்கப்புறம் ரெண்டு வருடம் அவன் அடிக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கோபம் வந்தால் தெருவில் இறங்கி நடந்துவிடுவான். மகாராஜன் வண்டியில் போகிற தொல்லையே வேண்டாமென்று சூர்யகலா தினமும் அவன் ஜீப்பிலேயே முன்சீட்டில், இடது பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வலது பக்கம் ஸ்டியரிங்கோடு அவன். இப்படியே ஓடியது. வீட்டில் சத்தம் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

அருணா பத்தாவது வந்த வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். "ஒரு பொருளின் நிறை, திசைவேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலன் உந்தம் எனப்படும்." பாண்டித்துரை ஜீப்பின் ஆயில் கறையைக் கையிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தவன் காதைத் தீட்டினான்.

"என்னத்தா அது, உந்தம்?"

"ஓடுற பொருள் மேல வந்து மோதினா எம்புட்டுப் பலம் இருக்கும்னு பாக்குறதுப்பா. கனம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, ரெண்டையும் பெருக்கணும்."

"அட, இதுக்கா புஸ்தகம்? இதைத்தான் நான் மகாராஜன் நெஞ்சுல எழுதிக் காட்டினேன்" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அம்மாவின் உடைந்த பல்லைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆனாலும் சொல்லிக் கொடுத்தாள். கனம் ரெண்டு மடங்கானால் உந்தம் ரெண்டு மடங்கு. வேகம் ரெண்டு மடங்கானாலும் ரெண்டு மடங்கு. ரெண்டும் சேர்ந்து ரெண்டு மடங்கானால் நாலு மடங்கு.

"இதுல கூட்டல் இல்லயா?"

"இல்லப்பா. பெருக்கல். நீங்க பிரேக்கு மிதிக்கிற பலம் மாறாது. அதனால உந்தம் எத்தனை மடங்கோ, நிக்கிறதுக்கு அத்தனை மடங்கு நேரம் ஆகும். அதோட, எந்தத் திசைன்னும் சொல்லணும். திசையில்லாம உந்தம் கிடையாது."

பெருக்கல் என்ற சொல் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. ஏனென்றால் ஸ்டாண்டில் எல்லார் கணக்கும் கூட்டல்தான். நாலு பேர் கூட ஏற்றினால் கொஞ்சம் லோடு கூடும்; கொஞ்சம் விரட்டினால் கொஞ்சம் வேகம் கூடும்; கொஞ்சமும் கொஞ்சமும் சேர்ந்தால் என்ன வந்துவிடும்? அதற்கும் மேலே, லோடு இருந்தால்தான் வண்டி ரோட்டைக் கவ்வும், காலி வண்டிதான் துள்ளும் என்று ஒரு நம்பிக்கை வேறு. ஏற்றத்தில் டயர் வழுக்காமல் இருக்க லோடு உதவுவதைப் பார்த்துப் பார்த்து, இறக்கத்துக்கும் அதையே சட்டமாக்கி வைத்திருந்தார்கள். அதனால்தான் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவதும். கியரில் வந்தால் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். நியூட்ரலில் விட்டால் பிரேக் மட்டுமே துணை.

பாண்டித்துரை விடவில்லை. ஊருக்கு வெளியே மட்டமான ரோட்டில் சோதித்தே பார்த்தான். காலி ஜீப்பை ஒரே வேகத்தில் ஓட்டி, பிரேக்கை ஒரே மாதிரி மிதித்து, வாய்விட்டு எண்ணினான். ரெண்டு எண்ணும்போது நின்றது. பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு அதே வேகம், அதே மிதி. மூணு. பிறகு வேகத்தை இரட்டித்தான். மகாராஜன் ரோட்டோரம் நின்று, "ரெண்டு, லோடுக்கு ஒண்ணு, வேகத்துக்கு ரெண்டு, ஆக அஞ்சு. அஞ்சுல நிக்கலேன்னா ஸ்டாண்டுக்கே டீ வாங்கித் தர்றேன்டா" என்று கத்தினார். ஆறில் நின்றது.

"நீ வேணும்னே மெதுவா மிதிச்சே!"

"யாருண்ணே மெதுவா மிதிச்சா? பெருக்கல்ணே! ஓம் மண்டைக்கு ஏறாது!"

அவ்வளவுதான். மகாராஜன் அறைந்தார், இவன் முட்டினான், வண்டியில் இருந்த பெண்கள் இறங்கி வந்து தூக்குவாளியால் ரெண்டு பேர் மண்டையிலும் போட்டார்கள். மகாராஜனின் பெண்டாட்டி ஆயம்மாள்தான் முதல் போடு போட்டவள். டீயை யாரும் வாங்கித் தரவில்லை. சூர்யகலா மட்டும் வீட்டுக்கு வரும் வழியில், "ஆறுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. இனி பதினாலுக்கு மேல ஒரு ஆள ஏத்தாத" என்றாள். அவனும் ஏற்றவில்லை. தெரியாமல் செய்கிறவனை மன்னிக்கலாம், இவன் தெரிந்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தீபாவளிக்கு முதல் நாள். மேலே தோட்டத்தில் மதியத்தோடு வேலையை முடித்துவிட்டார்கள். எல்லாருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. துணி எடுக்கணும், மாவு அரைக்கணும், பிள்ளைகள் வெடிக்கு அழும். அந்த நேரம் பார்த்து மகாராஜனின் ஜீப் ஆக்ஸில் முறிந்து உட்கார்ந்துவிட்டது. அவர் வண்டிக்குக் காவலாக மேலேயே நின்றுகொண்டு, ஆயம்மாளையும் இன்னும் நாலு பேரையும் பாண்டித்துரை வண்டியில் அனுப்பினார்.

"பத்தொம்பதாகுதுய்யா. ரெண்டு நடையா போவோம்" என்றாள் சூர்யகலா.

"ரெண்டு நடையா? ரெண்டாவது நடைக்கு நீ இரு தாயி, நான் இருக்க மாட்டேன். வெரசா எடுண்ணே!" என்று பின்னாலிருந்து கத்தல். ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்தாயிற்று. பின்கதவில் மூணு பேர் தொங்கல். பாண்டித்துரை சூர்யகலாவைப் பார்த்தான். "மெதுவா போயிருவோம் கலா" என்றான்.

மெதுவாகத்தான் கிளம்பினான். போடிமெட்டு தாண்டும்வரை கியரில். பிறகு தூறல் விழுந்தது. கீழே பஜாரில் கூட்டம் சேர்ந்துவிடும் என்று பெண்கள் நச்சரித்தார்கள். பழக்கமான கை. கீழிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது வளைவில் அது தானாக நியூட்ரலைத் தட்டியது.

பத்தாவது வளைவு திரும்பியதும் பிரேக் லைனர் கருகுகிற நாற்றம் வந்தது. பிரேக்கை மிதித்தான். பெடல் சோற்றில் கால் வைத்ததுபோல் அமுங்கி, தரையைத் தொட்டு, அங்கேயே நின்றது. மறுபடி மிதித்தான். ஒன்றுமில்லை. கியரைத் தள்ளினான். பல்சக்கரம் கரகரவென்று கத்தி, கம்பியை வெளியே உதறியது. கைப்பிரேக் பேருக்குத்தான், இழுத்ததும் கையோடு வந்தது. அப்போது வேகம் முப்பதுக்குக் கொஞ்சம் கீழே. ரோடு காலி. எதிரே ஒரு வண்டி இல்லை, ஒரு மாடு இல்லை. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம், அவன் தோளுக்கு எட்டுகிற தூரத்தில், நனைந்து கறுத்த மலைப்பாறை.

என்ன செய்யவேண்டும் என்பது அவனுக்கு அந்த நொடியிலேயே தெரியும். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பாறையில் தேய்க்கவேண்டும். பத்தொன்பது பேரின் கனத்தைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது வேகம் ஒன்றுதான். அதுவும் இப்போதே, கூடுவதற்கு முன்னாலேயே. கை ஸ்டியரிங்கில் இருந்தது. பாறையின் ஒரு மூக்கு நேராக அவன் முகத்தை நோக்கி வந்தது. முதலில் நசுங்குவது தன் தோள், தன் மண்டை. கை திரும்பவில்லை. இன்னொரு மிதி மிதித்தால் பிடித்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு காலை ஓங்கினான். ஒண்ணு. ரெண்டு. மூணு. பாறை முடிந்துவிட்டது. வளைவு வந்துவிட்டது.

ஒன்பதாவது வளைவை அவன் எப்படித் திருப்பினான் என்று அவனுக்கே தெரியாது. வலது பக்கச் சக்கரங்கள்மட்டும் தரையில், இடது பக்கம் அந்தரத்தில். பத்தொன்பது பெண்களும் ஒருசேர அலறினார்கள். வண்டி தொப்பென்று நாலு சக்கரத்தில் விழுந்து இறக்கத்தில் பாய்ந்தது. இப்போது எல்லாம் மாறிவிட்டது. பள்ளம் வலது பக்கம். மலை இடது பக்கம். வேகம் ஐம்பது. அடுத்த வளைவில் தடுப்புச் சுவர் பாதி இடிந்து கிடப்பதை அவன் தினமும் பார்க்கிறவன்.

சூர்யகலா தன் பக்கத்து முன்கம்பியை இடது கையால் பிடித்திருந்தாள், முழங்கை வெளியே. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகள் இந்தத் தடவை தயங்கவில்லை. இடது பக்கம் ஒடித்தன.

பாறை வண்டியின் பக்கவாட்டை வாழைப்பட்டை உரிப்பதுபோல் உரித்துக்கொண்டு போனது. தகரம் கிழிந்தது. கண்ணாடி வெடித்தது. முன்கம்பி கையோடு உள்ளே மடங்கியது. பின்னாலிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராக வந்து மோதினார்கள். நெற்றியில் நெற்றி இடித்துப் பிளந்தது, வளையல் உடைந்து கழுத்தில் ஏறியது, ஆயம்மாளின் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் தனியாகக் கேட்டது. பின்கதவில் தொங்கியவர்கள் ரோட்டில் உருண்டார்கள். தூக்குவாளிகள் கடகடவென்று வண்டிக்கு முன்னால் இறங்கி ஓடின. நாற்பது அடி தேய்த்துக்கொண்டு போய் வண்டி நின்றது. இடிந்த சுவருக்கு இன்னும் பத்தடி இருந்தது.

யாரும் சாகவில்லை. பதினெட்டுப் பேருக்கும் கால் முறிவு, தோள் முறிவு, தையல், பல். சூர்யகலாவுக்குத்தான் முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிச்சம் இல்லை. பாண்டித்துரைக்கு நெற்றியில் ஒரு கீறல். அவ்வளவே. அவன் தன் வேட்டியைக் கிழித்து அவள் கையை இறுக்கிக் கட்டினான். அவள் கத்தவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது பேசித் தொலையேன் என்று அவன்தான் கதறினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் முழங்கையோடு கையை எடுத்தார்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் அவள் மயக்கத்தில் கிடந்தாள். வெளியே வராந்தாவில் மகாராஜன் வந்து பாண்டித்துரையைக் கட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருடப் பகை. குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என் ஆயம்மாளத் திருப்பிக் குடுத்துட்டேடா. நீ சாமிடா." மூக்கைத் துடைத்தபிறகு டிரைவர் புத்தி தலைகாட்டியது. "ஏன்டா, பத்தாவது வளைவுக்குக் கீழயே மலை ஓம் பக்கந்தான? அங்கனயே சாச்சிருக்கலாம்ல?"

"எதிர்ல லாரிண்ணே" என்றான் பாண்டித்துரை. யோசிக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது.

அந்த லாரிக்கு அன்றிலிருந்து நல்ல வளர்ச்சி. போலீஸ் கேட்டபோது அதற்குக் கேரள நம்பர் வந்தது. ஸ்டாண்டுக்காரர்கள் கேட்டபோது முட்டைக்கோசு லோடு ஏறியது. மூணாம் நாள் அதன் டிரைவர் பயந்து ஹாரன் அடித்த சத்தத்தைக்கூட அவன் செய்து காட்டினான். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதற்குக் கேஸ் போட்டு லைசென்ஸைப் பிடுங்கினார்கள். அதைக்கூட யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஸ்டாண்டில் பத்தடி உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். பழைய கல்யாணப் போட்டோவிலிருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, "பெற்ற மனைவியையும் பாராமல் பதினெட்டு உயிர் காத்த தியாகச் சிங்கம்" என்று எழுதியிருந்தார்கள். பெற்ற மனைவியா, பிழை என்று ஒருத்தருக்கும் படவில்லை. சிங்கத்துக்குச் சந்தனமாலை வேறு.

நாலாம் நாள் சூர்யகலா கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அருணா கரண்டியால் ஊட்டினாள். பாண்டித்துரை கட்டிலின் கால்மாட்டில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அருணா, அவனைப் பார்க்காமல், கரண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, மேல ரோட்டுல வேகம் எம்புட்டு?"

"முப்பது இருக்கும் ஆத்தா."

"கீழ?"

"அம்பது."

"கனம் அதேதான். அப்ப மேலயே மோதியிருந்தா அடி பாதிக்குச் சித்த மேலதான் இருக்கும். அம்மா மேல படாது, உங்க பக்கந்தான் படும். உங்களுக்குத் தோளு முறிஞ்சிருக்கும். செத்திருக்க மாட்டீங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. பரீட்சைக் கணக்கைச் சரிபார்க்கிறவள்போல் இருந்தாள். "லாரி மட்டும் வராம இருந்திருந்தா."

"ஆமாத்தா. லாரி வந்துருச்சு."

சூர்யகலா தலையைத் திருப்பினாள். "எந்த லாரி?"

பாண்டித்துரை வாசலைப் பார்த்தான். ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. சண்டையில் ஒரு நாளும் புறமுதுகு காட்டாதவன், கட்டிலில் கிடக்கிற ஒற்றைக் கைக்காரிக்குப் பயந்து வியர்த்து நின்றான்.

"நான் ஓங் கையையே பாத்துட்டிருந்தேன்யா" என்றாள் அவள். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது. "மலை உன் பக்கம் இருந்தப்ப அது திரும்பல. எம் பக்கம் வந்ததும் திரும்புச்சு. இல்லேன்னு சொல்லு. பிள்ளை முன்னாடி சொல்லு."

அவன் அருணாவைப் பார்த்தான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"லாரி வரல" என்றான். சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பயந்துட்டேன் கலா. பாறை மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. பிரேக்கு பிடிச்சுரும்னு நெனச்சேன்னு சொல்லிக்கிட்டேன், அதுவும் பொய்யி. பயந்துட்டேன். ஒன்னைக் கொல்லணும்னு நெனைக்கல, சத்தியமா நெனைக்கல. அடுத்த மலை ஒம் பக்கம்னு மட்டும் தெரியும்."

அவன் இதுவரைக்கும் எத்தனையோ தடவை அழுதிருக்கிறான். எல்லாம் அடித்த பிறகு, சமாதானம் பண்ண. இந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. சத்தமே வரவில்லை.

"இதைப் போய் ஸ்டாண்டுல சொல்லு" என்றாள் சூர்யகலா.

போனான். அதற்கு அவனுக்கு ஒரு மரியாதை தரலாம். காலை பத்து மணி, எல்லா வண்டியும் ஏறி இறங்கி வந்து நிற்கிற நேரம். பிளெக்ஸுக்குக் கீழே நின்று, லாரி வரவில்லை, தன் பக்கம் மோதப் பயந்து பெண்டாட்டி பக்கம் மோதினேன் என்று உடைத்துச் சொன்னான். மகாராஜன் எழுந்து வந்தார். ஓங்கி ஒரு அறை விழும் என்று பாண்டித்துரை முகத்தைத் தூக்கிக் காட்டி நின்றான். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றே நினைத்தான். மகாராஜன் அவன் தோளில் கை போட்டார்.

"போடா கிறுக்கா. எவனா இருந்தாலும் அதைத்தான்டா செய்வான். டிரைவரே போயிட்டா வண்டி என்னத்துக்கு ஆகும்? கைதான போச்சு, உசுரு இருக்குல்ல. பொம்பளை, ரெண்டு நாளு கோவமா இருப்பா, அப்புறம் சரியாயிரும். ஏப்பா, முட்டுக்கெடாவுக்கு ஒரு டீ!"

எல்லாரும் ஆமா ஆமா என்றார்கள். ஒருத்தர் பீடி நீட்டினார். டீ வந்தது. ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான், குடிக்க முடியவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். புண் ஆறும் முன்னே கூட்டிப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சின்ராசு வெளியே வண்டியோடு நின்றிருந்தார். அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே அருணா துணிமணியைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சூர்யகலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லல. டீ வாங்கிக் குடுத்தாங்க."

சூர்யகலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கட்டுப்போட்ட இடம் இழுத்து வலித்து, கண்ணில் தண்ணீர் வந்தது. அருணா ஓடி வந்து பிடித்தாள்.

"நல்லாக் குடி" என்றாள் சூர்யகலா. மகளின் தோளைப் பிடித்து மெல்ல இறங்கி, செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள். பாண்டித்துரை பையைத் தூக்கக் கை நீட்டினான். அருணா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.